பெயர் அப்புறம் வைக்கலாம்

கேள்வி: வணக்கம் சார். தருமபுரி மாவட்டத்தில் 6 வருடமாகக் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். தடுப்பூசி, கர்ப்பிணிகள் கணக்கு எல்லாம் கைவந்துவிட்டது. தோல் விஷயம் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. ஊரில் யாராவது கையையோ காலையோ காட்டினால் போட்டோ எடுத்து, கீழே "அலர்ஜி" என்றோ "படை" என்றோ எழுதி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு அனுப்புவேன். போன வாரம் அவர் போனில் கத்திவிட்டார்: "பேரு நான் வச்சுக்கறேன். நீங்க என்ன பார்த்தீங்களோ அதை எழுதுங்க." பார்த்ததை எப்படி எழுதுவது? டிரெயினிங் புத்தகத்தில் மேக்யூல், பாப்யூல் என்று ஒரு பக்கம் இருந்தது. மனப்பாடம் செய்தேன், மறந்துவிட்டது. இன்னொன்று, என் பகுதியில் ஒரு 9 வயதுப் பையனுக்குக் கன்னத்தில் வெளுத்த திட்டு. வயிற்றில் பூச்சி என்கிறார் பாட்டி. எனக்கு வேறு மாதிரி பயம். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

அவர் கத்தியது தப்பு. சொன்னது சரி.

"அலர்ஜி" என்பது உங்கள் கண் பார்த்தது இல்லை, பார்த்ததைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு. முடிவை மட்டும் அனுப்பினால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதைச் சரிபார்க்க வழியே இல்லை. அதோடு, போட்டோவுக்குக் கீழே "அலர்ஜி" என்று இருந்தால் அவர் கண்ணுக்கும் அது அலர்ஜியாகத்தான் தெரியும். நீங்கள் "உள்ளங்கையளவு, தட்டை, சுற்றிலும் மேடான விளிம்பு, அரிப்பு இல்லை" என்று எழுதியிருந்தால், உங்கள் மனதில் இருந்த பெயர் தப்பாகவே இருந்தாலும் அவர் சரியான இடத்துக்குப் போய்விடுவார்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2007-இல் ஒரு கொத்தனார் வந்தார். இடது முழங்கைக்குச் சற்று மேலே, கையின் பின்பக்கம், வட்டமாக ஒரு திட்டு. ஓரம் மேடு, நடுவில் தெளிவு. பார்த்த மாத்திரத்தில் படர்தாமரை என்று சீட்டில் எழுதி, களிம்பும் மாத்திரையும் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆகியும் குறையவில்லை. மூன்றாவது முறை வந்தபோது பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர், சின்னப் பெண், சும்மா கேட்டு வைத்தார்: "ரொம்ப அரிக்குதா அண்ணே?" அவர் சொன்னார்: "அரிப்பா? அது ஒண்ணுமே பண்ணலையே." இரண்டு மாதமாக அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. பஞ்சை எடுத்து அந்த வட்டத்துக்குள் தொட்டேன், அவருக்குத் தெரியவில்லை. தொழுநோய். அதற்குள் இடது சுண்டுவிரல் லேசாக மடங்க ஆரம்பித்திருந்தது. கூட்டு மருந்து சிகிச்சையில் நோய் குணமானது, விரல் முழுதாக நிமிரவில்லை.

நான் செய்த தப்பு மருந்தில் இல்லை, சீட்டில் எழுதியதில். முதல் நாளே பெயரை எழுதிவிட்டதால், அடுத்த இரண்டு தடவையும் என் கையெழுத்தைத்தான் பார்த்தேன், அவர் கையைப் பார்க்கவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது என்பதிலிருந்து தொடங்குவோம், எழுதுவது தானாக வரும்.

முதலில் வெளிச்சம். தோல் பார்க்கப் பகல் வெளிச்சத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. வீட்டுக்குள் டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்காமல் திண்ணைக்கோ ஜன்னல் பக்கமோ உட்கார வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், கண் கூசி நிறம் கெட்டுவிடும். அப்புறம் டார்ச். அதை நேராக அடிக்காமல் தோலுக்குப் பக்கவாட்டில் படுத்த மாதிரி பிடியுங்கள். மேடு இருந்தால் நிழல் விழும். சாயங்கால வெயிலில் வயலின் வரப்பு எல்லாம் தெளிவாகத் தெரியுமே, அதே கதைதான்.

அடுத்தது, தோலின் மேல் இருப்பதைக் கழுவுவது. பவுடர், மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை அரைத்தது, எல்லாம் இருக்கும். அக்கி என்றால் பல ஊர்களில் இன்றும் முதலில் போவது மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்குத்தான். அவர் காவியால் அக்கி எழுதிவிடுவார். எழுதியதைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, திட்டினால் அடுத்த முறை உங்களிடம் காட்டவே மாட்டார்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை வைத்து மெல்ல ஊறவிட்டு எடுத்துப் பாருங்கள். பூசப்பட்டது என்ன என்பதையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

மூன்றாவது, முழு உடம்பு. கையில் இருக்கும் ஒரு திட்டைக் காட்டுபவருக்கு முதுகில் பத்து இருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆண் மருத்துவர்கள் பலருக்கும் கிராமத்தில் இது சாத்தியப்படாது. உங்களுக்குப் பெண்களிடமும் குழந்தைகளிடமும் அந்த வாய்ப்பு இருக்கிறது. கதவைச் சாத்தி, கேட்டு, ஒவ்வொரு பகுதியாகப் பாருங்கள். தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், வாய்க்குள், நகம், விரலிடுக்கு, உள்ளங்கால். இந்த ஆறு இடங்களை எல்லோரும் விட்டுவிடுகிறோம், நான் உட்பட.

இப்போது அந்த மறந்துபோன பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் மறந்ததில் ஆச்சரியமில்லை, அதைப் பட்டியலாகப் படித்தால் யாருக்கும் நிற்காது. அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் கொஞ்சம் நிற்கும். 18-ஆம் நூற்றாண்டில் தோல் நோய்களின் பெயர்கள் பெரிய குழப்பமாக இருந்தன. ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர், ஒரே பெயரில் பல நோய். 1776-இல் பிளெங்க் என்ற மருத்துவர் தோலில் தெரியும் வடிவத்தை வைத்து நோய்களைப் பிரித்தார். லண்டனில் இருந்த ராபர்ட் வில்லன் அதை எடுத்துச் செதுக்கி, 1798 முதல் வெளியிடத் தொடங்கினார். காரணம் என்ன, மருந்து என்ன என்பதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து எட்டு வகுப்பு. மேக்யூல், பாப்யூல், வெசிகிள் (நீர்க்கொப்புளம்), பஸ்டியூல் (சீழ்க்கொப்புளம்) எல்லாம் அந்த வழியில் வந்தவை. உங்கள் டாக்டர் போனில் கத்தியதை வில்லன் 200 வருடத்துக்கு முன்பே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது மூன்று கேள்விகள்.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். திட்டு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் தட்டை, நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது. தெரிந்தால் மேடு. இது முதல் கேள்வி. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, எவ்வளவு பெரிது. எல்லைக்கோடு பெரும்பாலும் 1 சென்டிமீட்டர். சில புத்தகங்களில் அரை சென்டிமீட்டர் என்று இருக்கும், அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். தட்டையாகவும் 1 சென்டிமீட்டருக்குள்ளும் இருந்தால் மேக்யூல், அதற்கு மேல் பேட்ச். மேடாகவும் சின்னதாகவும் இருந்தால் பாப்யூல், மேடாகவும் அகலமாகவும் மேல்பக்கம் மேஜை மாதிரியும் இருந்தால் பிளாக், ஆழமாக உருண்டையாக விரலுக்கு அகப்பட்டால் நாட்யூல். தமிழில் எழுத வேண்டுமானால் புள்ளி, திட்டு, சிறு மேடு, தடித்த திட்டு, கட்டி. எந்த டாக்டருக்கும் புரியும். அளவுக்குக் கடுகு, மிளகு, பட்டாணி, நெல்லிக்காய் என்று எழுதினாலும் தவறில்லை. ஆனால் உங்கள் பையில் குழந்தையின் தலைச் சுற்றளவு எடுக்கிற டேப் இருக்குமே, அதை வைத்தால் ஒரு மாதம் கழித்து வளர்ந்ததா என்று சொல்ல முடியும். நெல்லிக்காயை வைத்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது, உள்ளே என்ன. கெட்டியா, தெளிந்த நீரா, சீழா, ரத்தமா. நீர் என்றால் நீர்க்கொப்புளம். அது இறுக்கமாக நிற்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா, தொட்டதும் உடைகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வயதானவர் ஒருவருக்குத் தொளதொளத்த கொப்புளங்கள் உடைந்து உடைந்து புண்ணாகி, வாயிலும் புண் இருந்தால், அந்த ஒரு வார்த்தை டாக்டரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடும். திடீரென்று அரித்துத் தடித்து வரும் காணாக்கடி தனி ரகம். அதன் மேல் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வட்டத்துக்குள் ஒன்றும் இல்லாமல் வேறு இடத்தில் புதிதாக வந்திருந்தால் அது காணாக்கடி. அதே இடத்தில் நாள்கணக்கில் நின்றால் வேறு எதுவோ.

இந்த மூன்றுக்கும் பதில் எழுதும் முன் ஒரு எச்சரிக்கை. நீங்கள் பார்ப்பது நோய் செய்ததா, நகம் செய்ததா? சொறிந்த கீறல், காய்ந்த பொருக்கு, உதிரும் செதில், தொடர்ந்து தேய்த்துத் தேய்த்துத் தோல் யானைத்தோல் மாதிரி தடித்துக் கறுத்துப்போனது, வெடிப்பு, தழும்பு, இவையெல்லாம் பின்னால் வந்தவை. கிராமத்தில் நம்மிடம் வரும்போது பெரும்பாலும் இந்தப் பின்கதைதான் வரும். முன்கதை வேண்டும் என்றால் ஒரே ஒரு கேள்வி: "இதுல புதுசா வந்தது எது, நேத்து இல்லாம இன்னைக்கு வந்தது?" நோயாளி சட்டென்று விரலை வைத்துக் காட்டிவிடுவார். போட்டோவும் அதையே எடுங்கள். பத்து நாள் பழைய பொருக்கைவிட, காலையில் முளைத்த ஒரு கொப்புளம் அதிகம் பேசும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், இங்கேதான் புத்தகங்கள் நம்மை ஏமாற்றுகின்றன. "சிவந்த திட்டு" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கும். அதை எழுதியவர்கள் பார்த்தது வெள்ளைத் தோல். நம் மாநிறத்தில், கறுப்பில், அந்தச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பு, ஊதா, காபிப்பொடி நிறம், சில நேரம் சாம்பல். ஆகவே சிவப்பு இல்லை என்பதால் அழற்சி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். புறங்கையால் தொட்டுப் பார்த்து, எதிர்ப்பக்கத்துத் தோலோடு சூட்டை ஒப்பிடுங்கள். நிறத்தை எழுதும்போதும் "சிவப்பு" என்று புத்தகச் சொல்லைப் போடாமல், "அவருடைய மற்றத் தோலைவிடக் கறுத்து, லேசான ஊதாவாக" என்று கண்ட மாதிரி எழுதுங்கள்.

சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் என்றால் அழுத்திப் பார்க்காமல் விடக் கூடாது. கண்ணாடி டம்ளரின் பக்கத்தை வைத்து அழுத்துங்கள். மறைந்தால் ரத்தம் இன்னும் குழாய்க்குள்தான் ஓடுகிறது. மறையவில்லை என்றால் ரத்தம் வெளியே கசிந்து தோலுக்குள் தங்கியிருக்கிறது. காய்ச்சலோடு அழுத்தினால் மறையாத புள்ளிகள் என்றால் டெங்குவாக இருக்கலாம், இன்னும் மோசமானதாகவும் இருக்கலாம். அங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், ஆளை அனுப்புங்கள்.

கறுப்பைவிட நம் ஊரில் ஆட்களைப் பயமுறுத்துவது வெளுப்பு. உங்கள் கேள்வியின் கடைசி வரியும் அதுதான். வெளுப்பில் முதலில் பிரிக்க வேண்டியது, பால் மாதிரி முழு வெள்ளையா, கொஞ்சம் நிறம் மங்கியதா. பால் வெள்ளை, செதில் இல்லை, தொட்டால் நன்றாகத் தெரிகிறது, மேலே இருக்கும் முடிகூட நரைத்திருக்கிறது என்றால் வெண்புள்ளி. அதை வெண்குஷ்டம் என்று எழுதாதீர்கள், பேசாதீர்கள். குஷ்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அந்த ஒரு வார்த்தையால் நின்றுபோன கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். நிறம் மங்கியது என்றால் மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள். தேமல் மார்பு, கழுத்து, முதுகில் வரும், நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு மாதிரி உதிரும். குழந்தைகளின் கன்னத்தில் வருகிற வெளிறல் இரண்டாவது, அதற்குக் கடைசியில் வருகிறேன். மூன்றாவது தொழுநோய்.

உணர்ச்சி பார்ப்பது எளிதுதான், ஆனால் அவசரப்பட்டால் தப்பாகும். பஞ்சு நுனியைத் திரித்துக் கூராக்குங்கள். பால்பாயிண்ட் பேனா முனையும் போதும், அழுத்தக் கூடாது. முதலில் கண் திறந்திருக்கும்போதே நல்ல தோலில் தொட்டுக்காட்டி, "இப்படித் தொடுவேன், தொட்ட இடத்தை விரல் வைத்துக் காட்டணும்" என்று சொல்லிப் பழக்குங்கள். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலில் ஒன்று, திட்டுக்குள் ஒன்று என்று மாற்றி மாற்றித் தொடுங்கள். வருடாதீர்கள், வருடினால் பக்கத்துத் தோல் அசைந்து தெரிந்துவிடும். "தெரியுதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கவும் கூடாது. கேட்டால் உங்கள் மனம் நோகக் கூடாதென்று "தெரியுது" என்பார்கள். விரல் வைத்துக் காட்டட்டும். திட்டுக்குள் வேர்வை வருகிறதா, முடி குறைந்திருக்கிறதா, முழங்கைக்கு உள்பக்க எலும்புப் பள்ளத்தில் நரம்பு கயிறு மாதிரித் தடித்திருக்கிறதா, இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை திட்டு என்று எண்ணுவதும் முக்கியம். 5 வரை ஒரு வகை, 6-ம் அதற்கு மேலும் இன்னொரு வகை. சிகிச்சைக் காலமே 6 மாதமா 12 மாதமா என்று அதில் மாறும். நீங்கள் முதுகைப் பார்க்காமல் விட்டால் கணக்கு தப்பிவிடும்.

2005 டிசம்பர் கணக்கை வைத்து இந்தியா தொழுநோயைப் பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அதன் அர்த்தம் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பது. பலர் அதை "இனி இல்லை" என்று படித்துவிட்டார்கள். நான் அந்தக் கொத்தனாரைப் பார்த்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

வடிவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட்டம், கோடு, கொத்து, சிதறல், இந்த நான்கில் எது என்று எழுதினால் போதும். வட்டமாக, ஓரத்தில் செதிலும் சிறு மேடுகளும், நடுவில் ஆறிய தோலும், நல்ல அரிப்பும் என்றால் படர்தாமரை. ஆனால் இப்போது பாடப் புத்தக வட்டம் வருவது குறைந்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய, ஸ்டீராய்டும் வேறு இரண்டு மூன்று மருந்தும் கலந்த கிரீமைப் பூசிப் பூசி, அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், ஓரம் கலைந்து வட்டத்துக்குள் வட்டமாக என்னவென்றே சொல்ல முடியாத உருவம் வரும். இந்தப் பூஞ்சையில் மருந்துக்கு மசியாத ஒரு வகைக்கு 2020-இல் வைத்த பெயர் டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே. பெயரிலேயே நம் நாட்டைச் சேர்த்துவிட்டார்கள், பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆகவே "என்ன பூசினீங்க?" என்று கேட்டால் போதாது, "டியூபைக் கொண்டு வாங்க" என்று சொல்லுங்கள். டியூபையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கோடு என்றால் வெளியிலிருந்து எதுவோ பட்டிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சின்ன மெல்லிய வண்டு இருக்கிறது, ஆரஞ்சும் கறுப்புமாக. கடிக்காது. கழுத்தில் ஊரும்போது தூக்கத்தில் நசுக்கினால் அதன் சாறு தோலைப் பொசுக்கும். அடுத்த நாள் காலையிலோ அதற்கடுத்த நாளோ சாட்டையால் அடித்த மாதிரி எரிச்சலோடு ஒரு கோடு. முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரண்டு பக்கமும் அச்சு எடுத்தாற்போல. ஊரில் அக்கி என்பார்கள். அக்கியோ கொத்துக் கொத்தாக, உடம்பின் ஒரே பக்கம், நரம்பு போகும் பாதையில் பட்டையாகப் போகும், நடுக்கோட்டைத் தாண்டாது.

இடமும் பேசும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், அக்குள், ஆண்களுக்குப் பிறப்புறுப்பு, ராத்திரியில் கூடும் அரிப்பு, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அதே அரிப்பு என்றால், சிரங்கு என்று நீங்கள் எழுதாவிட்டாலும் டாக்டர் எழுதிவிடுவார். பாதத்தின் மேல் வார் பட்ட இடத்தில் மட்டும் என்றால் செருப்பு. கணுக்காலைச் சுற்றி என்றால் கொலுசைப் பாருங்கள், கவரிங் நகையில் நிக்கல் இருக்கும். நெற்றி நடுவில் வட்டமாக வெளுத்திருந்தால் ஒட்டுப்பொட்டின் பசை. உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ புதிதாக வந்து பெரிதாகும் கரும்புள்ளி என்றால் மச்சம் என்று விடாதீர்கள். நம்மைப் போன்ற தோலில் மெலனோமா என்கிற புற்றுநோய் வந்தால், அதிகம் வருவது அந்த இடங்களில்தான்.

எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். நீங்கள் இதுவரை எழுதியது இப்படி இருந்திருக்கும்: "முதுகில் அலர்ஜி, 2 நாள்." இதையே இப்படி எழுதலாம்:

"52 வயது ஆண், சர்க்கரை நோய் உண்டு. 2 நாளாக வலது பக்க முதுகில் எரிச்சலும் வலியும், அதே இடத்தில் நேற்று மாலை முதல் கொப்புளம். முதுகெலும்பிலிருந்து மார்புக் காம்புக்குக் கீழ் வரை ஒரு பட்டையாக, வலது பக்கம் மட்டும். கொத்துக் கொத்தாகத் தெளிந்த நீர்க்கொப்புளங்கள், கடுகு முதல் மிளகு அளவு, அடியில் தோல் கருஞ்சிவப்பு, சூடு. சீழ் இல்லை. காய்ச்சல் இல்லை. கண், காது, வாயில் எதுவும் இல்லை. மேலே காவி பூசியிருந்தது, துடைத்துவிட்டுப் பார்த்தேன்."

இதில் நோயின் பெயரே இல்லை. ஆனால் படிக்கும் எந்த மருத்துவருக்கும் அக்கி என்று தெரியும். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பதால், "நேற்று மாலை முதல்" என்ற உங்கள் வார்த்தையைப் பார்த்து அன்றே மாத்திரை கொடுத்தனுப்புவார். "இல்லை" என்று எழுதிய வரிகளையும் கவனியுங்கள். பார்த்து இல்லை என்று எழுதுவதும், பார்க்காமல் விடுவதும் வேறு வேறு, வாசிப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

போட்டோவைப் பொறுத்தவரை மூன்று போதும். எந்த உறுப்பு என்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, டேப்பைப் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் ஒன்று, மேடு தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று. ஃபிளாஷ் வேண்டாம், அது எல்லாவற்றையும் தட்டையாகவும் எண்ணெய் வழிவதாகவும் காட்டும். ஜூம் செய்யாமல் கையை நகர்த்திக் கிட்டே போங்கள், கேமரா தெளிவாகும் வரை ஒரு நொடி பொறுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள், முகம் தேவையில்லை என்றால் முகம் வேண்டாம், டாக்டருக்குப் போய்ச் சேர்ந்ததும் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் தவறிப்போய்ப் பட்ட பாட்டை உங்கள் சக செவிலியர் ஒருவர் என்னிடம் அழுதபடி சொன்னார்.

வர்ணித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டியவையும் சில உண்டு. புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய ஒரு மாதத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு வந்து, அதோடு உதடு, கண், பிறப்புறுப்பில் புண், தோல் தொட்டால் உரிகிறது என்றால் ஒன்று. வலிப்பு மாத்திரை, சல்ஃபா மருந்து, யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அல்லோபியூரினால், இவற்றைக் குறிப்பாகக் கேளுங்கள். தடிப்போடு உதடும் நாக்கும் வீங்கி மூச்சுத் திணறினால் ஒன்று. சர்க்கரை நோயாளியின் காலில் மணிக்கு மணி ஏறும் சூடான வீக்கம், பார்வைக்குத் தெரிவதைவிட வலி அதிகம் என்றால் ஒன்று.

இனி அந்தப் பையன். உங்கள் பயம் என்ன என்று புரிகிறது, அந்தப் பயம் நல்லதுதான். 9 வயதில், கன்னத்தில், லேசாக மங்கிய திட்டு என்றால் பெரும்பாலும் அது வறண்ட தோலால் வரும் சாதாரண வெளிறல். ஓரம் எங்கே முடிகிறது என்று தெளிவாகத் தெரியாது, கிட்டே பார்த்தால் மாவு தூவியது போல மெல்லிய செதில் இருக்கும், இரண்டு கன்னத்திலும் இருக்கலாம், வெயிலில் விளையாடும் நாட்களில் சுற்றியுள்ள தோல் கறுப்பதால் இது பளிச்சென்று தெரியும். அதற்குத் தினமும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ போதும், மாதக்கணக்கில் மெல்லப் போகும். முகத்தை வெளுக்க வைக்கும் எந்தக் கிரீமும் வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. முகத்தில் நரம்புகள் அடர்த்தி. அதனால் தொழுநோய்த் திட்டாகவே இருந்தாலும் முகத்தில் உணர்ச்சி குறைவு தெரியாமல் போகலாம். ஆகவே கன்னத்தில் பஞ்சு தெரிகிறது என்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுக்கப் பாருங்கள், குறிப்பாகக் கைகளின் வெளிப்பக்கம், முதுகு, புட்டம், தொடை. வேறு திட்டு இருந்தால் அங்கே பஞ்சு வைத்துப் பாருங்கள். கழுத்தின் பக்கத்தில் தலையைத் திருப்பச் சொன்னால் தடித்த நரம்பு தெரிகிறதா, முழங்கை நரம்பு எப்படி இருக்கிறது, வீட்டில் யாராவது முன்பு தொழுநோய்க்கு மருந்து சாப்பிட்டார்களா என்பதையும் பாருங்கள், கேளுங்கள். ஓரம் வெட்டினாற்போலத் தெளிவாக இருந்தாலோ, ஒரே ஒரு திட்டு செதில் இல்லாமல் வழுவழுவென்று இருந்தாலோ, இரண்டு மூன்று மாதம் எண்ணெய் பூசியும் அப்படியே நின்றாலோ, உங்கள் டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். டேப் வைத்து அளந்து இன்றைய தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். எது என்று தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதி, பார்த்ததை எல்லாம் கீழே எழுதுங்கள். இந்தத் தடவை அவர் கத்த மாட்டார்.

பூச்சி விஷயம். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள், பையன் அன்று வந்திருந்தால் விழுங்கியிருப்பான், இல்லாவிட்டால் நீங்களே ஒன்று கொடுங்கள், நல்லதுதான். கன்னத்துக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை என்று பாட்டியிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். இதே திட்டுக்கு என் அத்தை எனக்கு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார், நான் தோல் டாக்டர் ஆன பிறகும் அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.